குடிமகன் என்று எழுதினால் தப்பா?

பேச்சுப் போட்டிக்கு "நான் ஒரு பொறுப்புள்ள குடிமகன்" என்று மகனுக்கு எழுதிக் கொடுத்தீர்கள், வகுப்பே சிரித்துவிட்டது, சரியா? சொல்லில் தப்பே இல்லைங்க. குடி என்றால் குலம், குடும்பம், ஒரு நாட்டு மக்கள். திருக்குறளின் 103வது அதிகாரம் 'குடிசெயல்வகை' பேசுவது இந்தக் குடியைத்தான், கள்ளுக்கு 93வது அதிகாரம் தனியாக இருக்கிறது. குடிப்பது என்ற வினை வேறு, ஓசை மட்டும் ஒன்று. அந்த ஒற்றுமையை வைத்துத்தான் செய்தித்தாள்கள் மேற்கோள் குறி போட்டு 'குடிமகன் ரகளை' என்று எழுதி எழுதி, கிண்டலே முதல் பொருள் மாதிரி ஆகிவிட்டது. 2003இல் டாஸ்மாக் சில்லறைக் கடைகள் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

குடிகாரன் என்பது வேறு, அது பழக்கத்தைச் சொல்வது. ஒருநாள் குடித்தவரை 'போதையில் இருந்தார்' என்றாலே போதும், பேச்சில் 'தண்ணி போட்டிருக்கான்'.

உங்கள் வரியை 'இந்தியக் குடிமகன்' என்று மாற்றிப் பாருங்கள், முன்னால் நாடு வந்தால் சிரிப்பு பாதி அடங்கிவிடும். 'மூத்த குடிமக்கள்' என்று பேருந்தில் எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லையே.