வாசகர் கேள்வி பதில்: ஒரு பிடி மண்

கேள்வி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் நிலம் தங்களுக்குச் சொந்தம் என்பதைவிட, தாங்கள்தான் நிலத்துக்குச் சொந்தம் என்கிறார்களாமே, சும்மா பேச்சா? – வாசகி, ஹட்டன்

பதில்: பேச்சில்லை தங்கச்சி. பாறைக்கும் நீர்நிலைக்கும் முன்னோர் கதை உண்டு, அந்தக் கதைக்கு உரியவர்கள்தான் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெருந்தீ வராமலிருக்கக் காய்ந்த புல்லை எப்போது கொஞ்சமாகக் கொளுத்துவது என்பதை அறிவதும் அந்தப் பொறுப்பில் அடக்கம். 1966இல் வட ஆஸ்திரேலியாவின் வேவ் ஹில் மாட்டுப்பண்ணையிலிருந்து குரிஞ்சி என்ற பூர்வகுடி மக்கள் (பெயரைப் பாருங்கள், நம்ம குறிஞ்சி மாதிரியே!) வேலையை விட்டு வெளியேறினார்கள். சம்பளப் பிரச்சினைதான் என்று பலர் நினைத்தார்கள், அவர்கள் கேட்டதோ காணியையும் சேர்த்து. 1975இல் ஆஸ்திரேலியப் பிரதமர் விட்லம், காணியை ஒப்படைக்கும் அடையாளமாக, அவர்களின் தலைவர் வின்சென்ட் லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணைக் கொட்டினார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் காணி உறுதி இல்லாத நமக்கு, அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது.