ஸ்பானிஷ் சோறு போடுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் ஸ்பானிஷ் கற்றே தீருவேன் என்கிறாள். அது சோறு போடுமா என்பது ஒன்று. நம் பிள்ளையின் நாக்கில் அந்த மொழி ஏறுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

ஏறும். 'மே குஸ்தா எல் கஃபே' என்றால் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று பொருள். நம் வாக்கியத்தைப் போலவே காபிதான் எழுவாய். குடிப்பவர் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. தமிழில் யோசித்துப் படிக்கச் சொல்லுங்கள், ஒரே நாளில் பிடிபடும். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' பேசுகிறோம். விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் நான், நீ, நாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நீ, நீங்கள் என்பது போல 'தூ', 'உஸ்தெத்' என்று மரியாதைப் பிரிவும் உண்டு.

நீங்கள் நாகர்கோவில்காரர் என்பது கூடுதல் வசதி. தமிழ்நாட்டில் பலர் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டில் கரையும் கறையும் இன்னும் வேறுவேறாகவே கேட்கும். ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் ஆனால், 'பெறோ' என்றால் நாய்.

இடறும் இடங்களும் உண்டு. போர்ச்சுக்கீசியர் நம் வீட்டுக்குள் விட்டுச் சென்ற மேசை ஸ்பானிஷிலும் 'மேசா'தான், ஆனால் அங்கே அது பெண்பால். அஃறிணைக்கு ஆண்பால், பெண்பால் பார்த்துப் பழகாத நமக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். 'ஓ' என்று முடியும் 'மானோ' (கை) பெண்பால், 'ஆ' என்று முடியும் 'ப்ரோப்லேமா' ஆண்பால், மனப்பாடம்தான் வழி. 'எஸ்தோய் அபுறிதா' என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 'சோய் அபுறிதா' என்றால் நானே சலிப்பூட்டுகிற ஆள். நேர்காணலில் இதை மாற்றிச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

இனி சோற்றுக் கேள்வி. ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவருக்கு வேலை குறைவு. சாதாரண கடிதங்களை இப்போது கணினியே மொழிபெயர்த்துவிடுகிறது. கணக்கும் ஸ்பானிஷும் சேர்ந்து தெரிந்தவரின் கதை வேறு. சுமார் 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. அவற்றில் பெரும்பாலானவை லத்தீன் அமெரிக்காவில் இருக்கின்றன. நம் மருந்து நிறுவனங்களும், டி.வி.எஸ்., ராயல் என்ஃபீல்டு போன்ற இருசக்கர வாகன நிறுவனங்களும் அங்கே விற்கின்றன. பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் அலுவலகங்களுக்கும் மெக்சிகோ விற்பனையாளரிடம் 'இந்த இன்வாய்ஸில் வரி ஏன் இரண்டு முறை வந்திருக்கிறது' என்று தொலைபேசியில் கேட்கக்கூடிய ஆள் வேண்டும். உங்கள் மகள் குறிவைக்க வேண்டிய நாற்காலி அது.

அதற்குப் பி2 நிலை வேண்டும். மொழித் திறனை அளக்க ஏ1 முதல் சி2 வரையுள்ள ஆறு படிகளில் அது நான்காவது. தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால், என் கணக்கில் இரண்டு ஆண்டுகள் ஆகும். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர், மூன்றே மாதத்தில் ஒரு பயிற்சி மையம் கொடுத்த 'உயர்நிலை'ச் சான்றிதழுடன் என்னிடம் வந்தார். உங்களைப் பற்றி ஸ்பானிஷில் சொல்லுங்கள் என்றேன். பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். கட்டிய பணத்துக்கு வாங்கி வந்தது நல்ல கெட்டித் தாள், அவ்வளவுதான்.

மையத்தின் சான்றிதழை நம்பாமல் 'டெலே' தேர்வை எழுதச் சொல்லுங்கள். ஸ்பெயினின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்துவது. அதற்குப் புது தில்லியில் கிளை இருக்கிறது. ஒருமுறை தேறினால் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். படித்தல், எழுதுதல் ஒரு தொகுதி. கேட்டல், பேசுதல் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 எடுக்க வேண்டும். ஒன்றில் அள்ளி மற்றதை ஈடுகட்ட முடியாது. ஆகவே பேச வைக்காத வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டாலும் கட்டாதீர்கள். ஏ1 முடியட்டும், அதன்பிறகும் அவளுக்கு ஆசை இருந்தால் ஏ2வுக்குக் கட்டலாம்.

'நல்ல வேலை கிடைக்க வேண்டுமே' என்று கடிதம் முழுவதும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏக்கத்தை ஸ்பானியர் 'ஓஹாலா' என்று தொடங்கிச் சொல்வார்கள். 'அல்லா நாடினால்' என்ற பொருளுள்ள அரபுத் தொடரிலிருந்து வந்த சொல். 711 முதல் 1492 வரை அந்த மண்ணில் முஸ்லிம் ஆட்சி இருந்ததன் மிச்சம். மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு இது ஏற்கனவே தெரிந்திருக்கலாம்.

அவளுடைய பி.காம். மதிப்பெண் பட்டியலை அனுப்ப மறந்துவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் அதையும் வையுங்கள். கணக்குப்பதிவியலில் அரியர் இருந்தால் முதலில் அதை முடிக்க வேண்டும். ஸ்பானிஷை ஆறு மாதம் தள்ளிப்போடலாம்.