மாட்ரிகல் என்ற, பல குரல்கள் சேர்ந்து பாடும் பழைய ஐரோப்பியப் பாடல்களில் இசை சொல்லுக்குப் படம் வரைகிறது என்கிறார்களே, எப்படி?

தாமஸ் வீல்க்ஸ் இயற்றிய ‘ஆஸ் வெஸ்டா வாஸ்’ என்ற ஆங்கிலப் பாடலைக் கேட்டால் போதும். மலையிலிருந்து இறங்குவதைப் பாடும்போது ஸ்வரங்களும் இறங்குகின்றன; ஏறும்போது ஏறுகின்றன. ‘இருவர் இருவராக’ என்ற இடத்தில் இரண்டு குரல், ‘மூவர் மூவராக’ என்றால் மூன்று, ‘தன்னந்தனியாக’ என்னும்போது ஒரே குரல்! சிறுபிள்ளை விளையாட்டுதான், ஆனாலும் ஆறு குரல்கள் பின்னிப் பிணையும்போது எனக்குச் சலிப்பதே இல்லை. 1601இல் தாமஸ் மோர்லி வெளியிட்ட தொகுப்பில் வந்த பாடல் இது.

மாட்ரிகலின் வித்து இத்தாலியுடையது. 1588இல் நிக்கலஸ் யங் இத்தாலிய மாட்ரிகல்களை ஆங்கிலச் சொற்களோடு அச்சிட்ட பிறகுதான் இங்கிலாந்தில் இந்த மோகம் பரவியது. அன்று ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனிப் புத்தகம். பக்கத்தில் நிற்பவர் பாடுவது உங்கள் தாளில் இருக்காது, காதால்தான் பிடிக்க வேண்டும்.