மெலனியின் கையில் இருந்த வாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதக் கட்டுரையில், பழைய ஹாலிவுட் நடிகைகளுள் ஒலிவியா டி ஹாவிலண்டை முதல் வரிசையில் வைத்திருந்தீர்கள். அதைப் படித்த பிறகு 'கான் வித் த விண்ட்' படத்தை மறுபடியும் பார்த்தேன். ஸ்கார்லெட்டாக வரும் விவியன் லீயின் வேகத்துக்கு முன்னால், மெலனியாக வரும் ஒலிவியா எனக்கு வாயில்லாப் பூச்சியாகவே தெரிகிறார். எல்லோரிடமும் அன்பு, எல்லாவற்றுக்கும் பொறுமை. இதில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது? அவரைப் பற்றித் தேடினால் தங்கை ஜோன் ஃபான்டெய்னுடன் இருந்த பகைதான் முதலில் வருகிறது. நீங்கள் அவரிடம் கண்டது என்ன என்று சற்று விரித்து எழுத முடியுமா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

படத்தை மறுபடியும் பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்கு அந்தப் படத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து ஓடிவந்த வடக்குப் படைவீரன் ஒருவன், ஸ்கார்லெட்டின் குடும்பத்துக்குச் சொந்தமான டாரா பண்ணை வீட்டுக்குள் நுழைகிறான். ஸ்கார்லெட் அவனைச் சுட்டுவிடுகிறாள். பிரசவத்துக்குப் பின் படுக்கையிலேயே கிடந்த மெலனி, இரவு உடையோடு, தூக்கக்கூட வலுவில்லாத ஒரு வாளைப் பிடித்தபடி மாடிப்படியின் மேல் வந்து நிற்கிறாள். கீழே கிடக்கும் பிணத்தைப் பார்த்து அவள் அலறவில்லை. நீ அவனைக் கொன்றதில் எனக்கு மகிழ்ச்சி என்கிறாள். வெடிச்சத்தம் கேட்டுப் பதறிய வீட்டாரிடம், துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறுதலாக வெடித்துவிட்டது என்று சிரித்த குரலில் பொய் சொல்கிறாள். பிறகு, செத்தவனின் பையைச் சோதித்துப் பார்ப்பது நேர்மையாகாதோ என்று தயங்கியபடியே அதைச் சோதிக்கும் யோசனையையும் அவளே சொல்கிறாள். தரையில் இரத்தக் கறை படியாமல் இருக்கத் தான் உடுத்திருந்த இரவு உடையைக் கழற்றிக் கொடுப்பவளும் அவள்தான். இத்தனையிலும் ஒலிவியாவின் குரலில் பதற்றம் இல்லை. முந்தைய காட்சிகளில் எந்தக் குரலில் எல்லோரையும் தேற்றினாரோ, அதே குரலில்தான் பிணத்தை மறைக்கவும் வழி சொல்கிறார். மெலனியின் மென்மையும் துணிவும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்று அவர் புரிந்துவைத்திருந்தார் என்பதே என் எண்ணம்.

அப்படி அவர் புரிந்துகொண்டதில் எனக்கு வியப்பில்லை. 1916இல் டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்து, கலிஃபோர்னியாவில் வளர்ந்த அவர், 19 வயதில் 'கேப்டன் பிளட்' படத்தில் எரோல் ஃபிளினுக்கு இணையாக நடித்துப் புகழ்பெற்றார். இருவரும் சேர்ந்து எட்டுப் படங்களில் நடித்தார்கள். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு அது போதுமானதாக இருந்தது; கதாநாயகனை வியந்து பார்க்கும் அழகிய பெண் என்ற இடத்தைத் தாண்டி அவருக்கு எதையும் கொடுக்க அது விரும்பவில்லை. மெலனி வேடம்கூட வேறொரு தயாரிப்பாளரான டேவிட் செல்ஸ்னிக்கிடமிருந்து வந்ததே. ஒலிவியாவைச் செல்ஸ்னிக்கின் படத்துக்கு இரவல் கொடுக்க, வார்னர் நிறுவனத்தை நடத்திய ஜாக் வார்னர் மறுத்தபோது, ஒலிவியா அவருடைய மனைவி ஆன் வார்னரைத் தேநீருக்கு அழைத்துப் பேசி, அவர் வழியாகச் சம்மதம் பெற்றார்.

அன்றைய ஒப்பந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். நடிகர்கள் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார்கள். கொடுத்த வேடத்தை ஏற்க மறுத்தால் நிறுவனம் சம்பளத்தை நிறுத்தி இடைநீக்கம் செய்யும். அதோடு நில்லாமல், அப்படி விலக்கிவைத்த நாட்களை ஒப்பந்தக் காலத்தின் முடிவில் சேர்த்தும் விடும். வேண்டாத வேடங்களை மறுக்க மறுக்கக் கட்டு நீண்டுகொண்டே போகும். 1936இல் நடிகை பெட் டேவிஸ் இதே வார்னர் நிறுவனத்தை எதிர்த்து இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடித் தோற்றுத் திரும்பியிருந்தார். 1943இல் ஒலிவியாவின் ஏழு ஆண்டுகள் முடிந்தபோது, இன்னும் ஏறத்தாழ ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்றது நிறுவனம். ஒரு தொழிலாளியை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத்தால் கட்டிவைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியச் சட்டம் சொல்வதை வழக்கறிஞர் மார்ட்டின் காங் அவருக்கு எடுத்துக்காட்டினார். அந்த ஏழு ஆண்டு என்பது உழைத்த நாட்களின் கணக்கா, நாட்காட்டியின் கணக்கா என்பதுதான் வழக்கு.

வேண்டுமென்றே வேலையை மறுக்கும் செல்லப்பிள்ளையாக அவரைக் காட்டவே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முயன்றார். சாட்சிக் கூண்டில் தாம் 'மறுத்ததாக' ஒப்புக்கொள்ளாமல், வேடத்தைப் பணிவோடு ஏற்காமல் விட்டதாக மட்டுமே சொன்னதைப் பின்னாளில் ஒலிவியாவே நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இங்கே மெலனியின் குரல் கேட்கிறது. கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்ததும், அவரை யாரும் பணிக்கு எடுக்கக் கூடாது என்று ஜாக் வார்னர் மற்ற நிறுவனங்களை எச்சரித்தார். படமே இல்லாமல் கழிந்த அந்தக் காலத்தில் ஒலிவியா அலூஷியன் தீவுகளிலும் ஃபிஜியிலும் இராணுவ மருத்துவமனைகளுக்குச் சென்று காயம்பட்ட வீரர்களைப் பார்த்துவந்தார். ஃபிஜியில் நிமோனியா கண்டு தாமே மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நாட்காட்டிக் கணக்கே செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இன்றும் 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றே அழைக்கிறார்கள். பின்னாளில் இசைக்கலைஞர்களும் அதைத் துணைக்கு அழைத்திருக்கிறார்கள். பெட் டேவிஸ் முட்டித் திரும்பிய சுவரை, மென்மையானவர் என்று எல்லோரும் கருதிய நடிகை இடித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தமக்கான வேடங்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்ததும் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1946இல் வந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்' அவருக்கு முதல் ஆஸ்கரைத் தந்தது. 1948இல் வந்த 'த ஸ்நேக் பிட்' படத்துக்காக மனநல மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று நோயாளிகளையும் சிகிச்சை முறைகளையும் கவனித்தார். உடல் மெலிந்து, ஒப்பனைப் பொலிவு இல்லாத முகத்தோடு கேமரா முன் நின்றார். வார்னர் நிறுவனம் எந்த முகத்தை விற்றுக்கொண்டிருந்ததோ, அந்த முகத்தையே அவர் கழற்றி வைத்துவிட்டார்.

தங்கையுடன் இருந்த மனக்கசப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உண்மைதான். 1942இல் இருவரும் ஒரே ஆஸ்கருக்குப் போட்டியிட்டுத் தங்கை வென்றதும் உண்மை. ஆயினும் 104 வயது வரை வாழ்ந்து 2020இல் பாரிஸில் மறைந்த ஒருவரை அந்த ஒரு சண்டையைக் கொண்டு நினைவில் வைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதை மேலும் பேச எனக்கு மனமில்லை.

நீங்கள் அடுத்துப் பார்க்க வேண்டிய படம், அவருக்கு இரண்டாவது ஆஸ்கரைத் தந்த, 1949இல் வந்த 'தி ஏரஸ்'. அவர் நடிக்கும் கேத்தரின், தந்தையால் மந்தமானவள் என்று இகழப்படும் பணக்கார வீட்டுப் பெண். அவளுடைய சொத்தின் மீது கண் வைத்துக் காதலித்த மாரிஸ், ஓடிப்போகத் திட்டமிட்ட இரவில் வராமல் விட்டுவிடுகிறான். விடியும் நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறுகிறாள். அந்தக் காட்சியை இயக்குநர் வில்லியம் வைலர் திரும்பத் திரும்ப எடுத்தார் என்றும், காலிப் பெட்டியில் பாரம் தெரியவில்லை என்று அதற்குள் புத்தகங்களை நிரப்பினார் என்றும் சொல்வார்கள். ஆண்டுகள் கழித்து மாரிஸ் திரும்பி வருகிறான். அவள் அமைதியாகப் பூவேலையின் கடைசி எழுத்தைத் தைத்து முடித்து, நூலைக் கத்தரித்து, கதவைத் தாழிடச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அதே படிகளில் ஏறுகிறாள். வெளியே அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். இந்த முறை அவள் நடையில் பாரம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, டாரா வீட்டின் படியில் வாளோடு நிற்கும் மெலனியை இன்னொரு முறை பாருங்கள். எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.