புதிய கேம் கன்சோல் பற்றிய கசிவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

கசிவு என்பது நிறுவனம் வாய் திறக்கும் முன்பே வெளியே வந்துவிடும் தகவல். கன்சோல் செய்வதில் பலர் கை படுகிறது. கேம் உருவாக்குபவர்களுக்குச் சோதனைக் கருவி முன்கூட்டியே போகும், திரை செய்பவருக்கு ஆர்டர் போகும், கவர் செய்பவருக்கு அளவு வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சாகும் முன்பே மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் தேதி தெரிந்திருக்குமே, அப்படித்தான்.

நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கன்சோலை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குல எல்சிடி திரை, காந்தத்தில் ஒட்டும் ஜாய்-கான் (பக்கவாட்டில் மாட்டும் கைப்பிடிக் கன்ட்ரோலர்) என்று முன்பே பேச்சு அடிபட்டது. காந்தம் சரி, திரையும் கிட்டத்தட்ட சரி, 7.9 அங்குலம். ஆனால் 2024-லேயே வந்துவிடும் என்றது பொய்த்துப்போனது. 2025 ஜனவரி 16-இல்தான் அறிவிப்பே வந்தது, கடைக்கு வந்தது ஜூன் 5. உற்பத்திக்குப் போன அளவை மாற்றுவது கஷ்டம். தேதியும் விலையும் கடைசி நேரம்வரை மாறும். அதனால் இந்த இரண்டையும் நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அப்புறம், பல தளங்களில் வந்தால் செய்தி உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. 2021-இல் 4கே (மிகத் துல்லியமான படம்) தரும் 'ஸ்விட்ச் ப்ரோ' வருகிறது என்று எங்கும் பேச்சு. ஆனால் ஜூலையில் நிண்டெண்டோ அறிவித்தது ஓலெட் திரை கொண்ட ஸ்விட்ச் மாடலை, அதுவும் 4கே இல்லாமல்.