அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா?

கேள்வி: பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்குப் பணம் இல்லை. மூன்று ஆண்டு வேலை அனுபவம் உண்டு. பிரிட்டிஷ் அரசு தரும் செவனிங் உதவித்தொகையில், படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டுமாம், அதனால் விட்டுவிட்டேன். அடுத்த ஆண்டு ஓய்வுபெறும் அப்பா, வீட்டை அடமானம் வைத்துத் தருகிறேன் என்கிறார். வேறு எங்கே நிதி தேடலாம்?

பதில்: தம்பி, ‘அதனால் விட்டுவிட்டேன்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட மனம் வரவில்லை.

கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் தருகிற உதவித்தொகை அது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள். உங்களிடம் மூன்று இருக்கிறது. நாடு திரும்பி இருக்கச் சொல்லும் இரண்டு ஆண்டு உங்களுக்குப் பாரமாகத் தெரிகிறது. வயதான மனிதர் தலையில் ஏறப்போகும் கடன் தெரியவில்லை. கையெழுத்துப் போடப்போவது அவர்தானே!

திரும்பி வரும் எண்ணம் உங்களுக்கு இல்லை. அது அப்பாவுக்குத் தெரியுமா? சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் காணோம். படிப்பு முடிந்ததும் மகன் வந்துவிடுவான் என்று நம்பித்தான் அவர் பத்திரத்தை எடுக்கிறார் என்றால், பாதியை மறைத்துத்தான் அவர் சம்மதத்தை வாங்கியிருக்கிறீர்கள்.

வெளிநாட்டிலேயே தங்க நினைப்பதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். பிள்ளைகளைக் கட்டிப்போடக் கூடாது என்பவள் நான். ஆனால் பெற்றவர்கள் சம்பாத்தியம் நிற்கிற வயதில் அவர்கள் குடியிருக்கும் வீட்டைப் பணயம் வைக்க எந்தப் பிள்ளைக்கும் உரிமை கிடையாது. அவர்களே முன்வந்தாலும் ‘வேண்டாம்’ என்று மறுப்பதுதான் பிள்ளையின் கடமை. வேலை கிடைத்ததும் அடைத்துவிடுவேன் என்பீர்கள். கிடைக்கும்வரை வட்டியை யார் கட்டுவது? இன்னொன்று: மூன்று ஆண்டு சம்பாதித்திருக்கிறீர்கள், சொந்தச் சேமிப்பு பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லையே!

சரி, பணத்துக்கு வருகிறேன். கிடைத்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். பெரிய உதவித்தொகைகளுக்கு, படிப்பு தொடங்க ஏறக்குறைய ஓராண்டு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இடம் கிடைத்த பிறகு பணம் தேடுவது பலரும் செய்கிற தவறு. செவனிங் விண்ணப்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். திரும்பும் நிபந்தனை கூடவே கூடாது என்றால் எராஸ்மஸ் முண்டுஸ் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகள் அவை. உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள். பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது; பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் போன்ற விதிவிலக்குகள் உண்டு. ஆனால் விசாவுக்காக ஓராண்டுச் செலவுக்கான தொகையை, சுமார் 12,000 யூரோவை, முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு அது) போட்டுக் காட்டச் சொல்வார்கள். அதற்குத்தான் உங்கள் சேமிப்பைக் கேட்டேன். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் அமெரிக்காவில் பிஎச்டிக்கு முயலலாம். அறிவியல், பொறியியலில் பெரும்பாலும் துறையே கட்டணத்தை ஏற்று மாத ஊதியமும் கொடுக்கும். முதுகலைக்கு அப்படிக் கிடைப்பது அரிது.

இவை எதையும் தொடங்கும் முன் இன்றைக்கே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவர் பத்திரத்தை நீட்டினால், வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுங்கள்.