பதில்: வீடு மாறியதிலிருந்து மகனுக்கு இழுப்பு

சகோதரி, உட்துறைமுக வீதிப் பக்கம் வாடகைக்கு வந்த பிறகே மகனுக்கு இரவில் மூச்சிழுப்பு வருகிறது, வீட்டுச் சொந்தக்காரர் "பிள்ளையின் உடம்பு அப்படி" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை நம்பாதீர்கள். சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். முழங்கால் உயரம் வரை பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம். அதன் நுண்வித்துகள் பிள்ளையின் மூச்சுக்குழாயைச் சுருங்க வைக்கும். மேலே புதிய பெயின்ட் பூசுவதால் பயனில்லை, ஈரம் உள்ளேயேதான் இருக்கும்.

கதவைச் சாத்திவிட்டு நுளம்புச் சுருள் கொளுத்துவதாகவும் சொன்னீர்கள். எனக்கு அதுதான் கூடுதல் கவலை. ஒரு சுருள் கக்கும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் கக்குவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. இன்றே நிறுத்திவிட்டு வலை கட்டுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், ஈர உடுப்புகளை அறைக்குள் காயவிடாதீர்கள். மழை விட்டதும் யன்னல்களைத் திறந்துவிடுங்கள், பக்கத்து வளவில் குப்பை எரிக்கும் நேரம் தவிர.

வைத்தியர் தந்த பம்மை (வாயால் உள்ளிழுக்கும் இன்ஹேலர் மருந்தை) இடையில் நிறுத்த வேண்டாம். அது பழக்கமாகிவிடும் என்பது வீண் பயம். பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சொந்தக்காரர் அசையாவிட்டால், ஐப்பசி மழை தொடங்குமுன் சுவரைப் படமெடுத்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள்.